அறுவைப் பேற்றுக்குப் பின் எண்ணெய்த் தேய்ப்பு

மகப்பேறு என்பது நம் நாட்டில் நெடுங்காலம் வீட்டிற்குள்ளேயே நடைபெற்று வந்த நிகழ்ச்சியாகும். இன்று அது பெரும்பாலும் மருத்துவமனைக்கு இடம் மாறிவிட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்குப்படி, 2005-06ஆம் ஆண்டு ஆய்வில் நூற்றுக்கு 39 பிரசவங்களே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2019-21ஆம் ஆண்டு ஆய்வில் அத்தொகை நூற்றுக்கு 89 ஆக உயர்ந்தது. அதே காலத்தில், வயிற்றைக் கீறிக் குழந்தையை வெளியே எடுக்கும் சிசேரியன் முறையும் பெருகிற்று. முந்திய ஆய்வில் நூற்றுக்கு 8.5 ஆக இருந்த அறுவைப் பேறு, பிந்திய ஆய்வில் 21.5 ஆயிற்று. தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏறத்தாழப் பாதிப் பிரசவங்கள் இவ்வழியிலேயே நிகழ்கின்றன.

பிரசவம் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டதாயினும், அதனை அடுத்து வரும் நாற்பது நாட்கள் இன்னும் வீட்டிலேயே கழிகின்றன. வட நாட்டில் இக்காலத்தைச் 'சவா மஹீனா', அதாவது ஒன்றேகால் மாதம், என்று குறிப்பர். தாயும் சேயும் வீடு திரும்பிய ஓரிரு நாட்களுக்குள் எண்ணெய்க் கிண்ணத்துடன் 'மாலிஷ்' செய்யும் பெண்மணி வாயிலில் வந்து நிற்பார். தில்லி, லக்னௌ, போபால் முதலிய நகரங்களில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் இவர் புதியவர் அல்லர். ஊரிலிருந்து தாயாரோ மாமியாரோ வந்து நெடுநாள் தங்க இயலாத வீடுகளில், பிள்ளை பெற்றவளின் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் கை பெரும்பாலும் இவருடையதே.

இயல்பான பேற்றுக்கென்று ஏற்பட்ட இவ்வழக்கம், வயிற்றில் தையலுடன் வீடு திரும்பும் தாய்க்கும் பொருந்துமா? இக்கேள்விக்கு நம் வீடுகளில் இருவகை விடைகளைக் காண்கிறோம். ஒரு சாரார், 'எல்லாரும் செய்துகொண்டதுதானே' என்று, பத்தாம் நாளிலேயே வயிற்றை அமுக்கித் தேய்க்கச் சொல்லுகின்றனர். மற்றொரு சாரார், 'ஆபரேஷன் ஆன உடம்பு' என்று அஞ்சி, தாயைத் தொடவே விடுவதில்லை. எண்ணெய்க் கிண்ணம் முழுவதும் குழந்தைக்கே செலவாகிறது. இவ்விரண்டும் தவறு. முன்னது அபாயத்தை விளைவிக்கும். பின்னது ஆறுதல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதனை மறுத்துவிடும். எந்த இடத்தில், எந்த நாளில், எவ்விதமாகக் கை வைப்பது என்று தெரிந்துகொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

அரசாங்கத்தின் உடல்நலப் பிரசுரங்களைத் தமிழாக்கும் தொழிலில் உள்ள நமக்கு, இவ்விஷயத்தில் முதலில் எதிர்ப்படுவது ஒரு சொற்சிக்கல். ஆங்கிலத்தில் 'மசாஜ்' என்றும், இந்தியில் 'மாலிஷ்' என்றும் ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். தமிழிலோ அவ்வாறு முடிப்பதற்கில்லை. மேலாக எண்ணெய் பூசுவது தடவுதல். ஒரே திசையில் மெல்லக் கையை ஓட்டுவது நீவுதல். அழுத்தித் தோலைச் சூடேறச் செய்வது தேய்த்தல். தசையைக் கைக்குள் அடக்கி இளக்குவது பிடித்துவிடுதல். மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ அழுத்தத்துடன் இழுப்பது உருவுதல். உள்ளங்கையால் பாரம் கொடுப்பது அமுக்குதல். இச்சொற்களின் வேறுபாடு அறுவைப் பேற்றின் விஷயத்தில் மிகவும் முக்கியம். முதல் வாரத்தில் தோளைப் பிடித்துவிடலாம், வயிற்றை அமுக்கலாகாது. பாதத்தைத் தடவலாம், கெண்டைக்காலை உருவலாகாது. 'மாலிஷ் செய்யலாமா?' என்று மருத்துவரிடம் கேட்டு, 'செய்யலாம்' என்ற ஒரு சொல்லைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள், எதனைச் செய்யலாம் என்பதைத் தெரிந்துகொள்ளாமலே திரும்புகிறார்கள்.

இவ்வழக்கம் மிகப் பழமையானது. பிள்ளை பெற்றவளின் வயிற்றில் நெய்யும் எண்ணெயும் தடவி, அகன்ற துணியால் சுற்றிக் கட்ட வேண்டும் என்று சரக சம்ஹிதை கூறுகிறது. கேரளத்தில் தன்வந்தரம் தைலமும் வேது குளியலும், வங்காளத்திலும் இந்தி பேசும் மாநிலங்களிலும் கடுகெண்ணெயும் இன்றளவும் வழங்குகின்றன. கடுகெண்ணெயில் பூண்டு, ஓமம், வெந்தயம் ஆகியவற்றைப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் தேய்ப்பது வட நாட்டு முறை. உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் நாவிதர் குடும்பத்துப் பெண்கள் இத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். பேற்றினால் களைத்த தசைகளுக்கு இதமும், தாய்க்கு ஒரு மணி நேர ஓய்வும், மனம் விட்டுப் பேச ஒரு துணையும் இதனால் கிடைத்தன. இதனை மூட நம்பிக்கை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. ஆனால், இவ்வழக்கம் உருவான நாளில் வயிற்றைக் கீறிப் பெற்ற தாய் பிழைத்திருப்பதே அரிது என்பதை நாம் மறத்தல் கூடாது. 1882ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் ஸேங்கர், கீறிய கருப்பையையும் முறையாகத் தைத்து மூட வேண்டும் என்று காட்டிய பின்னரே, இவ்வறுவை படிப்படியாகத் தாயையும் காக்கும் சிகிச்சையாயிற்று. ஆகவே, பழைய முறையில் தையலுக்கு இடம் இல்லாதது அம்முறையின் குற்றமன்று. அவ்விடத்தை நிரப்பும் பொறுப்பு நம்முடையது.

அறுவையின்போது நிகழ்வது யாது என்பதை அறிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். இக்காலத்தில் பெரும்பாலும் அடிவயிற்றில் குறுக்குவாட்டில் கீறுகின்றனர். முதலில் தோல், அதன்கீழ் கொழுப்பு, பிறகு தசைகளைப் போர்த்தியுள்ள உறுதியான உறை ஆகியவை வெட்டப்படுகின்றன. நடுத்தசைகளை வழக்கமாக வெட்டுவதில்லை, இருபுறமும் விலக்குகின்றனர். அதற்கும் உள்ளே வயிற்றின் உட்சவ்வும், இறுதியாகக் கருப்பையின் சுவரும் கீறப்படுகின்றன. வெளியே தெரிவது ஒரு சாண் நீளத்திற்கும் குறைவான ஒரு கோடு. உள்ளே அதற்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாகப் பல அடுக்குகளில் காயம் இருக்கிறது. தோல் ஒன்றிரண்டு வாரங்களில் மூடிவிடும். அதைக் கண்டு 'ஆறிவிட்டது' என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் வயிற்றுச் சுவரைத் தாங்கும் அந்த உறை, ஆறு வார முடிவிலும் தன் பழைய பலத்தில் ஏறத்தாழப் பாதியையே பெற்றிருக்கும். முழுப் பலத்தை நெருங்கப் பல மாதங்கள் வேண்டும். பத்தாம் நாளில் வயிற்றை அமுக்குவது எத்தகைய இடத்தை அமுக்குவதாகும் என்பது இதனால் விளங்கும்.

'அமுக்காவிடில் கருப்பை எவ்வாறு சுருங்கும்?' என்று மூத்த பெண்மணிகள் கேட்பதுண்டு. பிரசவம் முடிந்தவுடன் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள கருப்பை, ஆறு வாரங்களில் 100 கிராமுக்கும் குறைவாகத் தானே சுருங்கிவிடுகிறது. குழந்தை பால் குடிக்கும்போது தாயின் உடலில் சுரக்கும் ஒருவகை இயக்குநீர் இதற்குத் துணை செய்கிறது. பேறு முடிந்ததும் கருப்பை தளர்ந்து குருதி பெருகுமாயின், செவிலியர் வயிற்றின்மேல் கை வைத்துத் தேய்த்து அதனை இறுகச் செய்வர். அஃது உயிர் காக்கும் செயல். பயிற்சி பெற்றவர் மருத்துவமனையில் செய்வது. அதனைக் கண்டுவிட்டு வந்து வீட்டில் நாள்தோறும் செய்ய முற்படுதல் தகாது.

இனி, செய்யத் தக்கவற்றைக் காலவரிசையில் நோக்குவோம்.

முதல் சில நாட்கள் தாய்க்கு மருத்துவமனையிலேயே கழியும். இந்நாட்களில் கை வைக்கத் தக்க இடங்கள் கழுத்து, தோள், கை, உள்ளங்கை, பாதம் ஆகியவையாம். அறுவைக்கு முன் இருந்த அச்சமும், பின் குழந்தையை ஏந்திப் பால் கொடுக்கும் நிலையும் கழுத்தையும் தோளையும் இறுகச் செய்துவிடுகின்றன. தாய் சாய்ந்து அமர்ந்திருக்கையில், பின்னால் நின்று தோள்களை மெல்லப் பிடித்துவிடுவது பெரும் இதம் தரும். கைகளையும் பாதங்களையும் மெல்ல நீவிவிடுவதால் அறுவை வலி குறைகிறதா என்று சில நாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். துருக்கியில் நடைபெற்று 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், அவ்வாறு செய்துகொண்ட தாய்மாருக்கு வலி குறைந்ததாகத் தெரிந்தது. இத்தகைய சோதனைகள் சிறியவை. அவற்றின் பயனும் சில மணி நேரத்திற்கே அளக்கப்பட்டது. ஆகவே, மருத்துவர் கொடுக்கும் வலி மருந்துக்கு இது மாற்றாகாது. எனினும், கணவரோ தமக்கையோ செலவின்றிச் செய்யக்கூடிய உதவி இது.

தாயைக் குப்புறப் படுக்கவைத்தல் இந்நாட்களில் கூடாது. ஒருக்களித்துப் படுத்தோ அமர்ந்தோதான் எண்ணெய் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டிலிலிருந்து எழும்போது முதலில் ஒருபுறமாகத் திரும்பி, கையை ஊன்றி எழுவதும், இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வதும் தையலுக்குப் பாதுகாப்பு. வயிற்றில் காற்று அடைத்து உப்பினால் அதற்கு மருந்து நடைதான், வயிற்றைத் தேய்ப்பதன்று.

கால்களைப் பற்றித் தனியாகவும் சற்று விரிவாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. கருவுற்ற காலத்தில் பெண்ணின் குருதி எளிதில் உறையும் தன்மையை அடைகிறது. பேற்றின்போது அளவுக்கு மிஞ்சிய குருதி வெளியேறாமல் இருக்க இயற்கை செய்துள்ள ஏற்பாடு அது. ஆனால் அதே காரணத்தால், பேற்றுக்குப் பின் ஆறு வாரங்கள் வரை கால்களின் ஆழ்ந்த நரம்புகளில், அதாவது இரத்தக் குழாய்களில், குருதி உறைந்து கட்டியாக நிற்கும் அபாயம் உண்டு. அறுவையும், அதனை ஒட்டிய படுக்கையும் அவ்வபாயத்தை மிகுதியாக்குகின்றன. அவ்வாறு உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் சில நிமிடங்களில் உயிருக்கே கேடு நேரலாம். கெண்டைக்காலையும் தொடையையும் பலமாக உருவுவது அக்கட்டியைப் பெயர்க்கக்கூடும். வட நாட்டு மாலிஷில் காலை உருவுவதே முக்கியப் பகுதி என்பதை எண்ணும்போது, இவ்வெச்சரிக்கையின் அவசியம் விளங்கும்.

ஆகவே, எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுமுன் இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கியிருத்தல், கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு, தோல் சிவத்தல் ஆகிய இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும், அன்று அக்காலில் கை வைக்கலாகாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு கால்களும் ஒருசேர வீங்குவது பிள்ளை பெற்றவர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது. ஒருகால் வீக்கம் அத்தகையதன்று. அடையாளம் ஏதும் இன்றியே குருதி உறைந்திருத்தலும் உண்டு. அதனால் ஆறு வாரங்கள் முடியும்வரை காலை உருவாமல், மேலாகத் தடவுவதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. கணுக்காலை மேலும் கீழும் அசைத்தலும், நாள்தோறும் சிறிது நடத்தலும் கால்களுக்கு வேண்டியதைச் செய்துவிடும்.

இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரையில் முதுகையும் இடுப்பின் பின்புறத்தையும் எண்ணெய் தடவிப் பிடித்துவிடலாம். தையல் ஈரமின்றி, கசிவின்றி இருக்க வேண்டும், காய்ச்சல் இருக்கலாகாது, மருத்துவரின் சம்மதமும் வேண்டும். முதுகுவலியைப் பற்றி ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. முதுகில் போட்ட மயக்க ஊசியினால் ஆயுள் முழுவதும் வலி நிற்கும் என்பதே அது. ஊசி போட்ட இடம் சில நாட்கள் நோவது உண்மை. நெடுநாள் வலிக்கு அவ்வூசியே காரணம் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. கருவுற்ற காலத்தில் தளர்ந்த மூட்டுக் கட்டுகளும், பலமிழந்த வயிற்றுத் தசைகளும், குனிந்தபடி பால் கொடுப்பதும் காரணமாக இருத்தலே மிகுதி. குழந்தையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துக்கொண்டு, தாய் முதுகைச் சாய்த்து அமர்வது, பத்து நாள் தைலத்தைவிடப் பயன் தரும்.

இக்காலத்தில் தையலின்மேல் எவ்வித எண்ணெயும் படலாகாது. வயிற்றின்மேல் கொதிக்கக் காய்ச்சிய நீரை வாரி அடிப்பதும், சூடான துணியாலோ செங்கல்லாலோ ஒற்றடம் கொடுப்பதும் கூடா. தையலைச் சுற்றியுள்ள தோலில் உணர்ச்சி நரம்புகள் அறுபட்டிருப்பதால் அவ்விடம் பல மாதங்கள் மரத்திருக்கும். சூடு மிகுந்துவிட்டது என்பதைத் தாய் உணருமுன் தோல் வெந்துவிடக்கூடும். வயிற்றைத் துணியால் கட்டுவதைப் பொறுத்தவரை, எழுந்து நடக்கும்போது தாங்கலாக இருக்கும் அளவில் கட்டினால் தீங்கில்லை. சிலருக்கு வலியும் குறையும். மூச்சு முட்ட இறுக்கிக் கட்டுவதால் வயிறு உள்ளே போய்விடாது.

ஆறு வாரங்கள் கழிந்து, மருத்துவர் பார்த்து, காயம் முற்றும் ஆறிவிட்டது என்று சொன்ன பின்னர்த் தழும்புக்கு முறை வருகிறது. பலர் தங்கள் தழும்பைத் தொடவே அஞ்சுகின்றனர். சிலருக்கு அது இறுகி, நிமிரும்போது இழுக்கிறது. சேலைக் கட்டுப் பட்டாலும் கூசுகிறது. முதலில் தழும்பின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் உள்ள தோலை விரல்களால் மெல்லத் தொட்டுப் பழக வேண்டும். பழகிய பின், சிறிதளவு தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு, இரண்டு விரல்களைத் தழும்பின்மேல் வைத்து, மேலும் கீழுமாக, பக்கவாட்டில், பிறகு வட்டமாக, தோலை மட்டும் நகர்த்தலாம். நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். விரல் தோலின்மேல் வழுக்கி ஓடலாகாது. தோலும் விரலோடு சேர்ந்து நகர வேண்டும். நோவு தோன்றினால் நிறுத்திவிட வேண்டும். இதனைத் தாயே தன் கையால் செய்துகொள்வது சிறந்தது. எவ்வளவு அழுத்தலாம் என்பது அவளுக்கே தெரியும். முறையாகக் கற்க விரும்புவோர் இயன்முறை மருத்துவரை அணுகலாம்.

இதன் பயனுக்கும் எல்லை உண்டு. தழும்பு இளகுவதும், கூச்சம் குறைவதும் பலருக்குக் கிடைக்கும் நன்மைகள். வயிற்றினுள் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால், வெளியிலிருந்து தேய்த்து அவற்றைப் பிரித்துவிடலாம் என்பதற்குத் தக்க சான்று இல்லை. விலகி நிற்கும் வயிற்றுத் தசைகளை எண்ணெய் சேர்த்துவிடாது. அதற்கு உடற்பயிற்சி வேண்டும். தேய்த்தலால் கொழுப்புக் கரையும் என்பதும் வெறும் பேச்சு. இவற்றைச் சொல்லி அதிகப் பணம் கேட்போர் நகரங்களில் பெருகி வருகிறார்கள்.

இவ்வளவையும் அந்த மாலிஷ் செய்யும் பெண்மணிக்கு யார் சொல்லுவது? மருத்துவமனையில் கொடுக்கும் சீட்டை அவர் படிப்பதில்லை. பல வீடுகளில் அவரிடம் சிசேரியன் என்று சொல்வதும் இல்லை. அவர் பல ஆண்டுகள் பழகிய கையை உடையவர். இன்ன இடம் இறுகியிருக்கிறது என்று தொட்ட மாத்திரத்தில் அறிவார். தையல் இருக்கும் இடத்தைக் காட்டி, காரணத்தையும் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார். வட நாட்டில் வாழும் நம்மவர் 'பேட் பர் நஹீன்', அதாவது வயிற்றின்மேல் வேண்டாம், என்ற சொற்களை முதல் நாளே மரியாதையுடன் சொல்லிவிடுவது நலம். காலை உருவ வேண்டாம் என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும். செய்யும் இடங்கள் குறைந்தன என்பதற்காக அவருடைய கூலியைக் குறைக்கலாகாது. கூலி குறையும் என்ற அச்சம் இருந்தால், வேண்டாம் என்று சொன்ன இடத்திலும் அவர் கை செல்லும்.

வீட்டிலுள்ள மூத்தோருக்கும் ஒரு வார்த்தை. வலிக்கிறது என்று பிள்ளை பெற்றவள் சொன்னால், அதை அங்கேயே நிறுத்துவதற்குரிய கட்டளையாகக் கொள்ள வேண்டும். 'நாங்கள் பொறுத்துக்கொள்ளவில்லையா?' என்று கேட்பது இவ்விடத்தில் பொருந்தாது. நீங்கள் பொறுத்தது வேறு வலி. இது அறுத்துத் தைத்த இடத்தின் வலி. இன்று வேண்டாம், தூங்கப் போகிறேன் என்று அவள் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இரவெல்லாம் விழித்தவளுக்கு ஒரு மணி நேர உறக்கமும் சிகிச்சையே.

சில அறிகுறிகள் தோன்றினால் எண்ணெய், ஒற்றடம் என்று காலத்தைப் போக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், தையலில் சீழ், நாற்றம் அல்லது பிளவு, ஒரு மணி நேரத்திற்குள் துணி முழுவதும் நனையும் அளவு குருதிப்போக்கு, ஒருகால் வீக்கம், திடீரென மூச்சுத் திணறல் அல்லது நெஞ்சுவலி, கண் மங்குதலோடு கூடிய கடுந்தலைவலி ஆகியவையே அவை. இரண்டு வாரங்களுக்கு மேலாகக் காரணமின்றி அழுது, குழந்தையிடமும் நாட்டமின்றித் தாய் காணப்பட்டால், அதுவும் மருத்துவரிடம் சொல்லத் தக்க நோயே. உடம்பைப் பிடித்துவிடும் வேளையில்தான் அத்தகைய துயரம் பல சமயம் வெளிப்படுகிறது. அப்போது காது கொடுத்துக் கேட்டு, வீட்டாருக்குத் தெரிவிப்பவரும் அந்த மாலிஷ் செய்யும் பெண்மணியாகவே இருக்கக்கூடும்.

நூறு பிரசவங்களில் இருபதுக்கு மேற்பட்டவை அறுவையால் நிகழும் இந்நாளில், அவற்றை அரிய நிகழ்ச்சியாகக் கருதி வழக்கத்தை மாற்றாமல் இருப்பதற்கில்லை. கழுத்தும் தோளும் கையும் முதல் நாளிலிருந்தே. முதுகு இரண்டாம் வாரத்திலிருந்து. தழும்பு ஆறு வாரத்திற்குப் பின். கால் எப்போதும் பார்த்த பிறகே. இந்த ஒழுங்கை வீட்டில் ஒருவர் நினைவில் வைத்துக்கொண்டால், தாய் அச்சமின்றி எண்ணெய் வைத்துக்கொள்ளலாம்.